ஆசிரியைகளுக்கு ஆசிரியையான அன்னா கொம்ஸ்டொக்

நூற்றாண்டு காணும் எமது பாடசாலையை நினைக்கும்போது, பெரிய வகுப்புகளில் உயிரியல் கற்பித்தவர்களே முதலில் கண்முன் வருகிறார்கள். வைத்தியத் தொழிலில் பல ஆண்டுகளைக் கடந்தபின் திரும்பிப் பார்த்தால், உயிர்களை உற்றுப் பார்க்கும் பழக்கம் அதற்கு முன்பே, கீழ்ப்பிரிவில், எம்மிடம் வந்துவிட்டது என்பது புரிகிறது. வேலியில் பிடித்த மயிர்க்கொட்டி ஒன்றை நாங்கள் வகுப்புக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஆசிரியை அதை இலைகளோடு ஒரு போத்தலில் இட்டு மேசையில் வைத்தார். இது என்னவாக மாறும் என்று கேட்டோம். தமக்குத் தெரியாது என்றும், எல்லோருமாக இருந்து பார்ப்போம் என்றும் சொன்னார். ஆசிரியை ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அப்படிச் சொல்லும் துணிவை ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஊட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்கப் பெண்மணியான அன்னா பொட்ஸ்போர்ட் கொம்ஸ்டொக். அவர் 1854இல் நியூயோர்க் மாநிலத்தின் ஒட்டோ என்னும் ஊரில், ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். பூக்களின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் அவருக்கு அறிமுகப்படுத்தியவர் தாயார். 1874இல், பெண்களைச் சேர்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். அங்கு பூச்சியியல் கற்பித்த ஜோன் ஹென்றி கொம்ஸ்டொக்கை 1878இல் மணந்தார். இடையில் விட்ட படிப்பைத் தொடர்ந்து 1885இல் பட்டம் பெற்றார். கணவரின் நூல்களுக்காகப் பூச்சிகளின் படங்களை வரைந்தார். அவற்றை அச்சிடுவதற்காக மரச்செதுக்குக் கலையையும் கற்றுத் தேர்ந்தார். ஒரு பூச்சியின் காலையும் இறகையும் மரத்தில் செதுக்குபவர் அதை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்! பின்னாளில் பிறருக்கு அவர் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பார்வையைத்தான்.

1890களின் தொடக்கத்தில் நியூயோர்க் மாநிலத்தில் விவசாயம் நலிவுற்றது. கிராமத்தவர்கள் பிழைப்புத் தேடி நகரங்களை நாடினர். பிள்ளைகளுக்கு மண்ணிலும் பயிரிலும் ஈடுபாடு உண்டானால் நிலைமை மாறலாம் என்று கருதியவர்கள், பாடசாலைகளில் இயற்கைக் கல்வியைத் தொடங்க முனைந்தனர். அந்த முயற்சியில் அன்னாவும் இணைந்தார். விரைவிலேயே ஒரு தடை தெரிந்தது. பிள்ளைகளிடம் ஆர்வம் இருந்தது. ஆசிரியர்களிடம் பயம் இருந்தது. எல்லாப் பாடங்களையும் தனியே கற்பித்த கிராமத்து ஆசிரியைகள் பலர் உயிரியலைப் படித்தவர்கள் அல்லர். பிள்ளை ஒரு பூச்சியைக் காட்டிப் பெயர் கேட்டால் என்ன செய்வது என்று அஞ்சினர்.

அன்னா அவர்களுக்காகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய பாடநெறியை நடத்தினார். கோடை விடுமுறையில் வகுப்பெடுத்தார். 1911இல், 900 பக்கங்களுக்கு மேற்பட்ட இயற்கைக் கல்விக் கைந்நூலை வெளியிட்டார். அது நட்டத்திலேயே முடியும் என்று கணவர்கூட நினைத்தார். அந்நூலோ 20க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. 8 மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இன்றும் அச்சில் இருக்கிறது.

அவரது முறை எளிமையானது. பறவைகளைப் பற்றிய பகுதி வீட்டுக் கோழியிலிருந்து தொடங்குகிறது. எந்தப் பிள்ளையும் பார்க்கக்கூடிய உயிர் அது. தேரையின் முட்டைகளைத் தண்ணீரில் வைத்து, வாற்பேத்தைக்குக் கால் முளைப்பதை நாள்தோறும் கவனிக்கச் செய்கிறார். ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியருக்கு வேண்டிய விளக்கம் முதலில் வருகிறது. அடுத்து வருபவை, பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகள். பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், பிள்ளை களைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தேடும் ஆசிரியரின் மதிப்புக் குறையாது, கூடவே செய்யும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

அவருடைய மதிப்பை உணரப் பல்கலைக்கழகத்துக்குத்தான் நாட்கள் எடுத்தன. உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டவரை, ஒரு பெண்ணுக்கு அப்பட்டம் ஆகாது என்று நிருவாகத்தினர் மறுத்ததால், விரிவுரையாளர் என்று இறக்கினார்கள். இழந்த பதவி 1913இல்தான் திரும்பியது. முழுப் பேராசிரியரானபோது அவருக்கு வயது 65ஐத் தாண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளிலும் அவர் எழுதுவதையும் கற்பிப்பதையும் நிறுத்தவில்லை. 1923இல் அமெரிக்காவில் வாழ்ந்த தலைசிறந்த 12 பெண்களுள் ஒருவராகத் தெரிவானார். இறுதிக் காலத்தில், நோயுற்றிருந்த கணவரையும் பராமரித்தபடி வாழ்ந்து, 1930 ஆகஸ்ட் 24ஆம் திகதி காலமானார்.

இன்று எமது நாட்டிலும் ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் உண்டு. அதைக் கற்பிப்பவர்களுள் உயிரியல் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாரியிலும் டெங்குக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, நாம் இவரை நினைத்துக்கொள்கிறோம். சிரட்டையில் தேங்கிய நீரின் குடம்பியை, வலையால் மூடிய போத்தலில் வைத்து, அது நுளம்பாக மாறுவதைக் கண்ணால் கண்ட பிள்ளை அந்தச் சிரட்டையைத் தானாகவே கவிழ்க்கும். சுவரொட்டி செய்யாததை அந்தப் போத்தல் செய்யும்.

எமது பழைய மாணவியருள் ஆரம்பப் பிரிவில் கற்பிப்பவர்கள் பலர். வைத்தியர்களாகிய நாங்கள் நோய் வந்தபின் சந்திக்கும் பிள்ளைகளை, நீங்கள் அதற்கு முன்பே சந்திக்கிறீர்கள். பிள்ளை கேட்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். ஒரு போத்தல் போதும்.

எங்கள் மயிர்க்கொட்டி வண்ணத்துப்பூச்சியாகும் என்று காத்திருந்தோம். வெளியே வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி. வகுப்பே ஏமாந்துபோனது. ஆசிரியை மட்டும் எங்களைவிட ஆவலோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.