ஷவார்ஷ் கிறிஸ்ஸியன்

உதைபந்தாட்டத்தில் வென்றாரையும் தோற்றாரையும் யாவரும் அறிவர்; இளைஞரை முதன்முதற் களத்திற்கு அழைத்தாரை அறிவார் சிலரே. அத்தகையாருள் ஒருவராகிய ஷவார்ஷ் கிறிஸ்ஸியன் என்னும் ஆர்மீனியரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1886-ஆம் ஆண்டிற் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்துப் பெஷிக்டாஷிற் பிறந்தார். 1863-இல் அமெரிக்க மிஷனெரியார் தொடங்கிய ராபர்ட் கல்லூரியிற் பயின்றார். ஆதலின் நம்மனோர்க்கு இவர் முற்றும் அயலாரல்லர். பின்னர்ப் பாரிஸ் சென்று தேகாப்பியாசக் கலையைக் கற்று மீண்டார்.

1911-இல் ‘மார்ம்நமார்ஸ்’ என்னும் பத்திரிகையை ஆர்மீனிய மொழியில் வெளியிட்டார். அப்பெயர்க்குத் தேகாப்பியாசம் என்பதே பொருள். விளையாட்டொன்றையே பொருளாகக் கொண்ட அப்பத்திரிகை, சங்கம் அமைத்துப் பழகுமாறு ஆர்மீனிய இளைஞரைத் தூண்டிற்று. வீரர்களின் படங்களையும் தாங்கி வந்தது. அவ்வாண்டிலேயே ஆர்மீனியருக்கெனப் பந்தயங்களும் நடைபெறலாயின. 1914-இற் பத்திரிகை நின்றது.

1915 ஏப்ரல் 24 இரவில் அந்நகரத்து ஆர்மீனியத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். கவிஞர், மருத்துவர், சட்டசபை அங்கத்தினர் என்றிவரோடு பந்தாட்டம் பேசிய பத்திரிகாசிரியரையும் பிடித்தனர். இளைஞர் ஒருங்கு கூடுதலே அரசினர்க்கு அச்சம் விளைத்தது போலும். அயாஷுக்குக் கொண்டுபோகப்பட்ட கிறிஸ்ஸியன் முப்பது வயது நிரம்புமுன் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார்.

1918-இல் அதே நகரில் ஹோமெனெத்மென் என்னும் ஆர்மீனிய தேகாப்பியாசச் சங்கம் தோன்றிற்று. நாடிழந்து சிதறிய மக்கள் சென்றவிடமெல்லாம் அதனை உடன்கொண்டு சென்றனர். பெய்ரூட் நகரில் அதன் உதைபந்துக் குழுவினர் லெபனான் நாட்டின் முதற் பட்டத்தைப் பன்முறை வென்றனர்.