பெட்ரோல் குழாயில் ஒளிந்திருந்த மூளை: மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக்கின் கதை

'கார்ஸ் 3' படத்துல மெக்வீனுக்குப் பாடம் எடுக்கிற அந்தப் பழைய பிக்அப் டிரக் ஞாபகம் இருக்கா? அந்த ஸ்மோக்கி சும்மா வெச்ச பேர் இல்லை. அமெரிக்காவின் டேடோனா பீச்சில், தலையில் கௌபாய் தொப்பியும் வாயில் பைப்புமாகத் திரிந்த நிஜ மெக்கானிக் அவர். முழுப்பேர் ஹென்றி 'ஸ்மோக்கி' யூனிக்.

1923-ல் பிறந்தவர். வளர்ந்தது பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில். 16 வயதில் அப்பா போய்ட்டார். படிப்பை விட்டுட்டு பண்ணையைப் பார்க்க வேண்டிய நிலை. காயலான் கார் பாகங்களைச் சேர்த்து டிராக்டரே செஞ்சுட்டார். பந்தயத்தில் ஓட்டிய பைக் புகையாகக் கக்கியதால் 'ஸ்மோக்கி' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானி. போர் முடிந்ததும், 1947-ல் டேடோனாவில் ஷெட் போட்டார். 'பெஸ்ட் டேம் கராஜ் இன் டவுன்'னு போர்டு மாட்டுற அளவுக்குக் கொழுப்பு!

ஆனா, கொழுப்புக்கு ஏத்த வேலை இருந்தது. இன்ஜினைப் பிரித்து, காற்று போகும் பாதையைச் செதுக்கி, அளவுகளைத் துல்லியமாகச் சேர்த்து மறுபடி பூட்டுவார். 1961, 62 டேடோனா 500 பந்தயங்களில் ஜெயித்தது அவர் தயார் செய்த பான்டியாக் கார்கள். 1963-ல் செவர்லே ரகசியமாகக் கொண்டுவந்த 427 கன அங்குல (சுமார் 7 லிட்டர்) வி8 இன்ஜினோடு, அவரது கார் டேடோனா தகுதிப் பந்தயம் ஒன்றில் ஜெயித்தது. அந்த இன்ஜினிலிருந்து வளர்ந்த 'பிக் பிளாக்' குடும்பம்தான் பின்னாடி செவெல், கமாரோ கார்களுக்குள் உறுமியது.

விதிமுறைப் புத்தகத்தை வக்கீல் மாதிரி படிப்பார் மனுஷன். டேங்க் இவ்வளவுதான் இருக்கணும்னு விதி இருந்தது, குழாயைப் பற்றி எதுவும் இல்லை. அதனால் 2 அங்குல விட்டத்தில் 11 அடிக்கு பெட்ரோல் குழாய் போட்டாராம். கணக்குப் போட்டால் ஏழு லிட்டர்கிட்ட வருது! இணையத்தில் அவரைத் தேடினால் இந்தக் கதைதான் முதலில் வரும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1964.

ஸ்மோக்கியின் காரில் 1962 டேடோனாவை ஜெயித்த நண்பர் ஃபயர்பால் ராபர்ட்ஸ். 1964 மே மாதம் சார்லட் பந்தயத்தில், வேறு அணியின் ஃபோர்டு காரை ஓட்டியபோது விபத்தில் சிக்கினார். பெட்ரோல் தீப்பிடித்தது. தீக்காயங்களோடு போராடி, ஜூலை 2-ம் தேதி இறந்துபோனார்.

அதன் பிறகு பந்தயத்தைப் பாதுகாப்பாக்கச் சொல்லி ஸ்மோக்கி விடாமல் சண்டை போட்டார். ஏற்கெனவே பழைய டயர்களைப் பலகைகளுக்கு நடுவே அடுக்கி, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் தடுப்புச் சுவர் ஒன்றையும் செஞ்சு காட்டியிருந்தார். 'நாஸ்கார்' அதை ஏத்துக்கலை. அதன் தலைவர் பில் பிரான்ஸோடு மோதல் முற்ற, 1970-ல் விலகிட்டார். விதியை வளைக்கிறவர்னு பேர் வாங்கிய ஆள், உயிரைக் காப்பாத்தப் புது விதி கேட்டபோது யாரும் காது கொடுக்கலை.

1987-ல், நல்ல மெக்கானிக்குகளே இப்போ கிடையாதுன்னு சலிச்சுக்கிட்டு ஷெட்டை மூடினார். 2001 மே மாதம் ரத்தப் புற்றுநோயில் மறைந்தார். மியூசியம் எல்லாம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் விருப்பப்படியே இன்ஜின்கள், பாகங்கள், டூல்ஸ் எல்லாம் ஏலத்துக்குப் போயின, கையில் கிரீஸ் படிய வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று.