டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மையார்

பூவிருந்தவல்லிப் பெருஞ்சாலை வழியே செல்வோர்க்குக் குமணன்சாவடி என்னும் ஊர் நன்கு தெரிந்ததே. வள்ளல் குமணனை நினைவூட்டும் பெயர் அது. சாவடி என்பதோ வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அவ்வூரினின்று சென்னையை நோக்கிக் கிழக்கே செல்லின் வேலப்பன்சாவடி, வானகரம் இவற்றைக் கடந்து மதுரவாயலை அடையலாம். நாடோறும் இச்சாலையில் போவோரும் வருவோரும் பல்லாயிரவர். எனினும், உலகம் போற்றிய ஒரு பெண்மணி தம் வாழ்க்கைப் பயணத்தின் இறுதிச் சாவடியாக மதுரவாயலைக் கொண்டிருந்தார் என்பதை அறிந்தோர் அவருள் சிலரே. அவரே டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மையார். உயிரணுவினுள் உறையும் நுண்ணிய இழைகளை எண்ணி ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம். அவ்விழைகளின் முனையை அளந்து சிறுநீரகப் புற்றுநோயை முன்னறிய இயலுமா என்று வினவும் இக்கால ஆராய்ச்சியை விளங்கிக்கொள்வதற்கும் இச்சரிதம் துணைசெய்யும் என நம்புகின்றோம்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் ஸப் ஜட்ஜ் உத்தியோகம் வகித்தவர். பறவை முதலிய இயற்கைப் பொருள்களில் பேரீடுபாடு உடையவர். தந்தையின் ஈடுபாடு மகளிடத்துத் தாவரங்களின்மேற் சென்றது. சென்னைக்கு வந்து இராணி மேரி கலாசாலையிலும் பின்னர் மாகாணக் கலாசாலையிலும் பயின்று, 1921-இல் தாவர நூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்மக்களுக்கு மணவாழ்க்கையே வாழ்க்கை என்று கருதப்பட்ட அந்நாளில், அம்மையார் மணம் புரியாது கல்வியையே துணையாகக் கொண்டார். 1915-இல் தோன்றிய பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையில் ஆசிரியையாக அமர்ந்தார். உலகறிந்த இவ்வாராய்ச்சியாளர் நம்முடையதைப் போன்றதொரு மிஷன் கலாசாலையில் தம் பணியைத் தொடங்கினார் என்பது நாம் மகிழத்தக்கது.

ஆசிய நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் பெற்று, அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று உயர்கல்வி கற்றார்; 1931-இல் அங்கே டாக்டர் பட்டமும் எய்தினார். அவர் மேற்கொண்ட துறை உயிரணு நூல். ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் குரோமோசோம் எனப்படும் இழைகள் உள. மரபுக் குணங்கள் அவற்றின் வழியே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன. மனிதரிடத்து 46, நெல்லில் 24, வெங்காயத்தில் 16 என இனந்தோறும் அவற்றின் தொகை வேறுபடும். எண்ணுதல் எளிதென்று கருதற்க. வேர்நுனியைப் பதப்படுத்திச் சாயமூட்டி, நுண்பெருக்கியின்கீழ் வைத்து, ஓரிழை மற்றோரிழையின்மேற் படிந்து கண்ணை ஏமாற்றாவண்ணம் பல அணுக்களை நோக்கி நோக்கி எண்ணுதல் வேண்டும். பொறுமையில்லார்க்கு இது கைகூடாது.

தாய்நாடு திரும்பிய அம்மையார், திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியையாக இருந்தபின், 1934-இல் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். கரும்பை அதன் உறவுப் புற்களோடும், சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றோடும் கலந்து புதுப்பயிர்களை உண்டாக்கி, அவற்றின் இழைகளை ஆராய்ந்தார். இங்கே நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நாணல் வகையைச் சேர்ந்த காட்டுக் கரும்பு ஒரே இனமாயினும், அதன் இழைத்தொகை இடத்துக்கிடம் மாறுபட்டு, 40 முதல் 128 வரை காணப்படுகின்றது. ஆதலின் எண் ஒன்றையே கொண்டு, இஃது இன்ன செடி, இன்னவாறு வளரும் என்று தீர்ப்பளித்தல் ஆகாது. செடியின் உருவத்தையும் பிறந்த இடத்தையும் உறவையும் உடன் நோக்கினால்தான் எண் பொருள் தரும். அம்மையாரின் ஆராய்ச்சி முழுவதிலும் இம்முறையே ஊடாடி நின்றது.

1939-இல் ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில் கூடிய உலக மரபியல் மகாநாட்டுக்கு அம்மையார் சென்றார். அப்பொழுது இரண்டாம் உலகப் போர் மூண்டமையால் நாடு திரும்ப இயலவில்லை. அக்காலத்து எடின்பரோவில் பணியாற்றிக்கொண்டிருந்த ஹெர்மன் மல்லர் என்னும் அறிஞர், அதற்கு முந்திய ஆண்டாகிய 1938-இல் குரோமோசோமின் முனைக்கு டெலோமியர் என்று பெயரிட்டிருந்தார். கிரேக்க மொழியில் முனைப்பகுதி என்பது அதன் பொருள். நெசவு செய்த ஆடையின் முன்றானை நூல்கள் பிரியாதபடி குஞ்சம் முடிவதுண்டல்லவா? அதுபோல, இழையின் இரு முனைகளும் சிதையாதபடி காப்பது டெலோமியர். முனை முறிந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மீண்டும் முறிவதை, பார்பரா மக்ளிண்டாக் என்னும் அம்மையார் மக்காச்சோளத்தில் அந்நாளிலேயே கண்டு காட்டினார்.

போர்க்காலத்தில் ஜானகி அம்மையார் லண்டனையடுத்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றினார். அங்கே டார்லிங்டன் என்னும் அறிஞரோடு கூடிப் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகைகளைத் திரட்டி, 1945-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பின்னர் விஸ்லி என்னுமிடத்து அரச தோட்டக்கலைச் சங்கத்தில், கால்ச்சிஸின் என்னும் மருந்தினால் மக்னோலியா மரங்களின் இழைத்தொகையை இரட்டிக்கச் செய்து ஆராய்ந்தார். அம்மருந்து நம் நாட்டுச் செங்காந்தளிலும் உள்ளது. அம்மையார் பெயரைத் தாங்கிய மக்னோலியா வகையொன்று இன்றும் உண்டு.

1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். அலகாபாத், ஜம்மு, டிராம்பே முதலிய இடங்களிற் பணியாற்றி, 1970-இல் சென்னை சர்வகலாசாலையின் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சார்ந்து, மதுரவாயலிலிருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். அங்கே மூலிகைத் தோட்டம் ஒன்றை அன்போடு வளர்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரள நாட்டு அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைகட்டி மூழ்கடிக்க முற்பட்டபொழுது, எண்பது வயதை எய்திய முதுமையிலும் அதனை எதிர்த்து நின்றார். அழியுமுன் அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களையாயினும் ஆராய்ந்து வைத்தல் வேண்டும் என முனைந்தார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆராய்ச்சியைக் கைவிடாத நிலையிலேயே மதுரவாயலில் உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், எலிசபெத் பிளாக்பர்னும் அவர் மாணவி கரோல் கிரைடரும் டெலோமியரை நீட்டும் ஒரு நொதியத்தின் செயலைக் கண்டனர். 2009-இல் இவ்விருவர்க்கும் ஜாக் சோஸ்டாக் என்பார்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. உயிரணு பிரியுந்தோறும் டெலோமியர் சிறிது சிறிதாகக் குறையும். மிகக் குறைந்தவிடத்து அணு பிரிவதை நிறுத்திவிடும். நிறுத்தாது மேலும் பிரியுமாயின், காப்பிழந்த முனைகள் ஒட்டி முறிந்து, புற்றுநோய்க்கு வழி உண்டாகலாம். இதனால் குறுகிய டெலோமியரே தீங்கின் அறிகுறி என அறிஞர் பலர் எண்ணினர். 2003-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சிறுநீரகப் புற்றுநோயாளர் முதலியோரின் இரத்த அணுக்களில் டெலோமியர் குறுகியிருக்கக் காணப்பட்டது. ஆயினும் நோய் வந்தபின் எடுத்த அளவில், காரணம் எது, விளைவு எது என்பது மயக்கம் தருவதன்றோ?

ஆகவே நோயினால் மாறாத பிறவி மரபு வேற்றுமைகளைக் கொண்டு, இவ்வினாவை வேறு வழியில் ஆராய்ந்தனர். சிறுநீரகப் புற்றுற்ற 10,000-க்கு மேற்பட்டோரையும் நோயற்ற 20,000-க்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியொன்று 2017-இல் வெளிவந்தது. அதன் முடிவு முன்னதற்கு மாறாயிற்று. நீண்ட டெலோமியரைத் தரும் மரபுடையார்க்கே அந்நோய் சற்று மிகுதியாக வரக் கண்டனர். முனை நீண்ட அணு நெடுங்காலம் பிரிந்துகொண்டேயிருக்க, அதனிடத்துப் பிழைகள் சேர்வதற்கும் காலம் மிகுதியாகக் கிடைக்கின்றது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். மேலும் அவ்வாராய்ச்சி ஐரோப்பிய மரபினரிடத்தே செய்யப்பட்டது. பெருங்கூட்டத்தில் காணும் சிறு வேற்றுமை, தனி மனிதர் ஒருவர்க்கு நோய் வருமா என்று சொல்லப் போதாது.

இக்காலத்தில் டெலோமியரை அளந்து வயதும் ஆரோக்கியமும் கூறுவதாக விலைக்குச் சோதனை செய்வோர் உளர். முனை குறுகியதென்று கேட்டு அஞ்சுவாரும், நீண்டதென்று கேட்டு இறுமாப்பாரும் ஒருங்கே ஏமாறுவர். சிறுநீரகப் புற்றைக் குறித்து நாம் திண்ணமாக அறிந்தவை வேறு சில உள. புகைபிடித்தலும், உடற்பருமனும், இரத்தக் கொதிப்பும் அந்நோய்க்கு இடந்தருவன. சிறுநீரில் இரத்தம் காணின், நோவு இல்லாவிடினும், உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். இவை அளவுகோலின்றியே எவரும் கைக்கொள்ளக் கூடியவை.

இழைமுனையின் அளவு பயனற்றது என்று நாம் கூறவில்லை. அது நாளை நல்லதோர் அறிகுறியாக முதிரலாம். முதிர்வதற்கு, காட்டுக் கரும்பின் இழைகளை எண்ணிய அம்மையாரின் பொறுமை வேண்டும். அறிகுறி வேறு, தீர்ப்பு வேறு. எண்ணை அறிந்தபின் அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஆய்ந்து பார்ப்பவனே அறிவியல் மாணவன். குமணன்சாவடி வழியே சென்னைக்கு வரும் நம் மாணவ நண்பர்கள், மதுரவாயலைக் கடக்கும்பொழுது, நுண்பெருக்கியின்மேற் குனிந்து எண்ணியதையே மீண்டும் எண்ணிய அம்முதியவரை ஒரு கணம் நினைவுகூர்வாராக.