ராபர்ட் பாஷ் சரித்திரச் சுருக்கம்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதன் என்ஜினுள்ளே நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்கான முறை தோன்றி மறையும் தீப்பொறியைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. அப்பொறியைத் தருவது விரலளவேயுள்ள ஸ்பார்க் பிளக். சிறு கருவியே ஆயினும், அஃது என்ஜினுக்கு ஏற்றதாக அமையாவிடின் வண்டி முழுதும் பயனற்றதாகிவிடும். அக்கருவியை உலகம் நம்பத்தக்கதாகச் செய்தவருள் முதன்மையானவராகிய ராபர்ட் பாஷ் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பாஷ் 1861-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 23-ந் தேதி, தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரை அடுத்த ஆல்பெக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த பன்னிரு மக்களுள் இவர் பதினோராமவர். தந்தையார் சத்திரமும் பண்ணையும் நடத்தி வந்தவர், கல்வியிற் பற்றுடையவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாஷ் நுண்கருவித் தொழில் பயிலச் சென்றார். கற்பிக்க வேண்டியவர் கவனியாது விட்டமையால் அப்பயிற்சி அவருக்கு நிறைவளிக்கவில்லை. அக்குறையை அவர் மறந்தாரல்லர். பிற்காலத்தில், 1913-ல், தம் தொழிற்சாலையில் இளைஞர்க்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் அமைத்தார்.

ஜெர்மனியிற் பல பட்டறைகளிலும், அமெரிக்காவில் எடிசனுடைய தொழிற்சாலையிலும், இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர் கம்பெனியிலும் உழைத்து மின்சார நுட்பங்களை அறிந்த பின்னர், 1886-ம் வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி ஸ்டட்கார்ட் நகரில் ஒரு சிறு பட்டறை திறந்தார். அவருக்குத் துணை ஒரு தொழிலாளியும் ஓர் ஏவற் சிறுவனுமே. மறு வருஷம், ஓரிடத்தில் நிலையாக நின்று இயங்கும் என்ஜினுக்குப் பொறியுண்டாக்கும் மாக்னெட்டோ என்னும் காந்தக் கருவியைச் செய்து கொடுத்தார். அதனை வேகமாக ஓடும் மோட்டார் வண்டிக்கும் பொருத்தலாகாதோ என்னும் வினா 1897-ல் எழுந்தது. அவருடைய தொழிலாளருள் ஒருவரான ஸாரிங்கர் கருவியைத் திருத்தியமைக்க, மூன்று சக்கர வண்டியொன்றில் அஃது இனிது இயங்கிற்று.

எனினும் அக்கருவி சிலிண்டருக்குள் அசையும் உறுப்புக்களைக் கொண்டே பொறியை உண்டாக்கியது. அவை விரைவில் தேய்ந்தன. பாஷின் தலைமைப் பொறியியலாளராகிய காட்லோப் ஹோனோல்ட், உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் தரும் மாக்னெட்டோவையும், அதனோடு சேர்ந்தியங்கும் ஸ்பார்க் பிளக்கையும் 1902-ல் நிறைவேற்றினார். ஸ்பார்க் பிளக் புதிதன்று. லெனுவார் என்பவர் 1860-லேயே தம் என்ஜினில் அதனைக் கையாண்டார். ஆயின் எவ்வேகத்திலும் தவறாத பொறி இப்பொழுதுதான் கிடைத்தது.

என்ஜின்கள் பல்வகையாகப் பெருகவே புதியதொரு தொல்லை தோன்றியது. ஒரு வண்டிக்கு நன்மை செய்த பிளக் மற்றொன்றைக் கெடுத்தது. காரணம் வெப்பம். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் நின்றால் அதன்மேற் கரி படிந்து, மின்சாரம் பொறியாகாமற் கசிந்துவிடும். 900 டிகிரியை எட்டினால், பொறி தோன்றுமுன்னரே நுனியின் வெப்பத்தால் பெட்ரோற் கலவை தீப்பற்றி, பிஸ்டன் உருகவுங் கூடும். பீங்கான் மூக்கு நீண்ட பிளக் வெப்பத்தை மெல்ல வெளிவிடும். மெதுவாக உழைக்கும் என்ஜினுக்கு அது தகும். மூக்குக் குறுகியது விரைந்து வெளிவிடும். வேகமும் பாரமும் மிக்க என்ஜினுக்கு அதுவே தகும். பாஷ் தொழிற்சாலையார் இவ்வியல்பை அளந்து பிளக்குகளின் மேல் எண்ணாகப் பொறித்தனர். அம்முறையில் 145 வெப்பமானது, 225 குளிர்ந்தது. பின்னாளில் அவர்கள் எண்முறையே மாறி, பெரிய எண் வெப்பமான பிளக்கைக் குறிக்கலாயிற்று. வேறு சில கம்பெனிகளின் பிளக்குகளில் பெரிய எண் குளிர்ந்ததையே குறிக்கும். ஆதலின் எண்ணின் பெருமையைக் கண்டு மயங்காமல், என்ஜினுக்குரிய கைந்நூல் கூறும் பிளக்கையே கொள்ளல் வேண்டும். மரையின் நீளமும் பொறி தாவும் இடைவெளியும் அந்நூலின்படியே இருத்தல் வேண்டும். ஓடிய பிளக்கின் நுனி பழுப்பேறிய சாம்பல் நிறமாயின் தேர்வு சரியென அறியலாம்.

வாங்குவோர் தம் சரக்கிற் குறை காண்பதைப் பாஷ் பெரும் அவமானமாகக் கருதினார். பணத்தை இழப்பினும் நம்பிக்கையை இழத்தலாகாது என்பது அவர் கொள்கை. தொழிலாளரிடத்தும் அவ்வாறே நடக்க முயன்றார். 1906-லேயே எட்டு மணி நேர வேலையை ஏற்படுத்தினார். ஆயினும் 1913-ல் அவர் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்து கசப்பை விளைத்தது. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில் மாக்னெட்டோவுக்குத் தேவை பெருகி லாபம் குவிந்தது. யுத்தத்தால் வந்த பொருளைத் தாமே துய்க்க மனம் ஒவ்வாது, நெக்கார் நதிக் கால்வாய் முதலிய பொதுக் காரியங்களுக்கு அதனை வழங்கினார்.

ஹிட்லர் ஆட்சியை அவர் வெறுத்தார். துன்புற்ற யூதர்க்குப் பொருளுதவி செய்தார். அவ்வாட்சியை எதிர்த்த கோர்டெலருக்கு 1937-ல் தம் நிறுவனத்திற் பதவியளித்தார். எனினும் அதே நிறுவனம் அவ்வாட்சியின் யுத்தத்திற்குக் கருவிகள் செய்ததும், பலவந்தமாகக் கொணரப்பட்ட மக்களைக் கொண்டு வேலை வாங்கியதும் மறைக்கலாகாத உண்மைகள். நல்லெண்ணமுடைய ஒருவர் தொடங்கிய தொழிலும் தீய ஆட்சியின் கையில் எவ்வாறு சிக்குண்ணும் என்பதற்கு இஃதொரு சான்று.

1940-ல் ஸ்டட்கார்ட்டில் அவர் பெயரால் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1942-ம் வருஷம் மார்ச் மாதம் 12-ந் தேதி அவர் காலமானார். 1951-ல் பெங்களூரில் அவருடைய நிறுவனத்தின் தொடர்புடன் எழுந்த மைக்கோ தொழிற்சாலையின் பிளக்குகள் நம் நாட்டு வண்டிகளிலும் பொறி தந்தன.

மாணவ நண்பர்காள்! விலையிலோ எண்ணிலோ உயர்ந்த பிளக் எல்லா என்ஜினுக்கும் உயர்ந்ததன்று. தனக்குரிய இடத்திற் பொருந்தி, அங்கு எழும் வெப்பத்தைத் தாங்கி, கரி படியாமல் நிற்பதே சிறந்தது. தொழிலைத் தேர்ந்துகொள்ளும் பருவத்திலுள்ள நமக்கும் இஃது உரியதேயாம்.