ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசையும் ஒரு பந்தாட்டக் கழகமும்
(அருட்சகோதரர் வால்ஃபிரிட் வரலாறு)



ஜூபிலி மலருக்குப் பங்குத்தந்தை ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தருவார் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டவரோ பீடத்தில் ஏற்றப்பட்டவர் அல்லர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், துறவறச் சகோதரர், கால்பந்துக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தவர். இவரைத் தெரிந்தெடுக்கக் காரணம் உண்டு. நம் இளைஞர் கால்பந்துக் குழுவுக்குச் சட்டை, காலணி, பந்தயச் செலவு அனைத்தையும் தாமே ஏற்றுக்கொள்வதாகவும், குழுவின் பெயரையும் நிர்வாகத்தையும் தம்மிடம் விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு செல்வர் கேட்டிருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் இதே பேச்சாக இருக்கிறது. சேரம்பாடியில் மழை பெய்தாலும் சேறு ஆனாலும் பந்து நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்தப் பேச்சும் சீக்கிரம் ஓயாது.

அண்ட்ரூ கெரின்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1840 மே 18 அன்று அயர்லாந்து நாட்டின் ஸ்லைகோ மாவட்டத்தில் பாலிமோட் என்னும் ஊரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது, 1845இல், அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. நீலகிரியில் கிழங்கு பயிரிட்டவர்களுக்கு இந்த நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஏழைகளுக்குக் கிழங்கே சோறு. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். பசி என்றால் என்ன என்பதை அந்தச் சிறுவன் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

பதினைந்து வயதில் அவரும் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார். அந்நகரின் கிழக்குப் பகுதியில் அயர்லாந்துக்காரர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். ஆலைகளிலும் இரயில் பாதைகளிலும் கடினமான வேலை, குறைந்த கூலி. அந்நியர், கத்தோலிக்கர் என்ற ஏளனம் வேறு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து பெட்டி படுக்கையோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் பங்கில் உண்டு. அவர்கள் கிளாஸ்கோவின் அந்தத் தெருக்களை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

1864இல் அண்ட்ரூ மரிய சபைச் சகோதரர்களோடு சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதற்காகப் புனித மார்சலின் ஷாம்பாஞ்ஞா பிரான்ஸ் நாட்டில் ஏற்படுத்திய சபை அது. வால்ஃபிரிட் என்ற துறவறப் பெயரோடு கிளாஸ்கோவுக்குத் திரும்பி ஆசிரியப் பணி புரிந்தார். 1874இல் திரு இருதயப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார்.

பள்ளிக்கு வரும் பிள்ளை பசியோடு வந்தால் பாடம் ஏறாது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது கண்ட உண்மையை இவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தம் வகுப்பறையில் கண்டார். வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசை என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான சாப்பாடு. வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தால் அரைப் பென்னிக்குக் கிண்ணம் நிறையக் கஞ்சிச்சாறு. ஒன்றும் இல்லாதவனுக்கும் உணவு உண்டு. காசு வாங்கியது ஏன் என்று சிலர் கேட்கலாம். தர்மச் சோறு என்ற கூச்சம் பெற்றோருக்கு வரக்கூடாது என்பது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். பிற சபையினர் நடத்திய கஞ்சித்தொட்டிகளில் பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிடுவார்களோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்துக் கசப்பு அது.

மேசை போட்டாயிற்று, பணத்துக்கு எங்கே போவது? அக்காலத்தில் ஸ்காட்லாந்தில் தொழிலாளிகள் சனிக்கிழமை மாலையில் திரண்டு போகும் இடம் பந்தாட்ட மைதானம். சகோதரர் பெயர்பெற்ற குழுக்களை அழைத்துப் பந்தயம் நடத்தி, நுழைவுக் கட்டணத்தைச் சாப்பாட்டு மேசைக்குச் சேர்த்தார். எடின்பரோ நகரில் அருட்தந்தை எட்வர்ட் ஹானன் தம் பங்கு இளைஞர்களைக் கொண்டு 1875இல் தொடங்கிய ஹிபெர்னியன் கழகம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. 1887 பிப்ரவரியில் அக்கழகம் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றபோது, கிளாஸ்கோவின் புனித மரியன்னை ஆலய மண்டபத்தில் அவர்களுக்கு விருந்து நடந்தது. நம் ஊரிலும் ஏன் கூடாது என்ற பேச்சு அன்று சூடு பிடித்தது.

அதே ஆண்டு நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபத்தில் கூடி ஒரு கழகத்தை அமைத்தார்கள். கிளாஸ்கோ ஹிபெர்னியன் என்று பெயரிடலாம் என்றனர் பலர். ஹிபெர்னியா என்பது அயர்லாந்தின் இலத்தீன் பெயர். வால்ஃபிரிட் இணங்கவில்லை. அயர்லாந்துக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் பொதுவான பூர்வ இனம் செல்டிக். அந்தப் பெயர்தான் வேண்டும் என்றார், அதுவே நிலைத்தது. கத்தோலிக்கர் மட்டுமே ஆடலாம் என்ற விதி ஹிபெர்னியனில் இருந்தது. செல்டிக் கழகம் அப்படிக் கதவைச் சாத்தவில்லை.

1888 ஜனவரியில் நன்கொடை வேண்டி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்கள். மூன்று பங்குகளின் சாப்பாட்டு மேசைகளுக்குப் பணம் சேர்ப்பதே கழகத்தின் தலையாய நோக்கம் என்று அதில் தெளிவாகக் கூறியிருந்தார்கள். பேராயர் சார்ல்ஸ் அயர் இருபது ஷில்லிங் கொடுத்துப் பட்டியலைத் தொடங்கி வைத்தார். கல்லறைத் தோட்டத்தின் அருகே ஆறு ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 50 பவுண்டு குத்தகை. பகலெல்லாம் ஆலையில் உழைத்தவர்கள் மண்வெட்டியோடு வந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் மேடு பள்ளம் நிரவி, மண்ணால் படிக்கட்டு கட்டி, மைதானத்தை உருவாக்கினார்கள். கூலி கிடையாது. மே 28இல் முதல் பந்தயம். ரேஞ்சர்ஸ் கழகத்தை 5க்கு 2 என்று வென்றார்கள். பிறகு இரு குழுவினரும் ஒன்றாக உணவருந்தினார்கள். பிற்காலத்தில் இவ்விரு கழகத்தாருக்கும் இடையே வளர்ந்த பகையை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

முதல் ஆட்டப் பருவத்தில் மட்டும் 400 பவுண்டுக்கு மேல் தர்மத்துக்குப் போயிற்று. ஆனால் ஒரு கறையும் உண்டு. நல்ல குழு வேண்டும் என்ற ஆசையில் கழகத்தார் ஹிபெர்னியனின் சிறந்த ஆட்டக்காரர் பலரை இழுத்துக்கொண்டார்கள். வழிகாட்டிய அந்தக் கழகம் 1891இல் சிலகாலம் மூடிக் கிடக்க நேர்ந்தது. ஏழைகளுக்காகச் செய்தோம் என்று சொன்னால் இது நியாயமாகிவிடாது.

செல்டிக் செழித்ததைக் கண்ட நிலக்காரர் குத்தகையை 50 பவுண்டிலிருந்து 450 பவுண்டாக உயர்த்தினார். அந்த நியாயத்தை என்னவென்று சொல்வது! மக்கள் மறுபடியும் மண்வெட்டி எடுத்தார்கள். செங்கல் சூளை இருந்த பள்ளத்தைத் தூர்த்துப் புதிய மைதானத்தை 1892இல் எழுப்பினார்கள். முதன்முறையாக ஸ்காட்லாந்துக் கோப்பையும் அந்த ஆண்டே வந்தது.

அதே 1892 ஆகஸ்டில் சகோதரருக்கு லண்டனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. குருக்களும் துறவியரும் இதை அறிவோம். நட்ட செடி பூக்கும் வேளையில் தண்ணீர்க் குடத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் மறுபேச்சின்றிப் போனார். லண்டனின் கிழக்குப் பகுதியிலும் வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் ஏற்பாடு செய்தார்.

அவர் போன பிறகு நடந்ததைத்தான் நம் இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 1893இல் ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவது சட்டபூர்வமாயிற்று. சம்பளம் ஏறியது, மைதானக் கடன் ஏறியது, சாப்பாட்டு மேசைக்குப் போகும் பணம் குறைந்து நின்றது. உறுப்பினர் சிலர் பொதுக்கூட்டந்தோறும் எழுந்து, பிள்ளைகளின் சாப்பாடு என்னாயிற்று என்று கேட்டார்கள். நிர்வாகிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கழகம் கடன்பட்டால் அவர்களுடைய சொந்த வீடு வாசலுக்கல்லவா ஆபத்து! முடிவில் 1897இல் கழகம் லிமிடெட் கம்பெனி ஆயிற்று. ஒரு பவுண்டு வீதம் 5000 பங்குகள் விற்பனைக்கு வந்தன.

நம் மொழியில் பங்கு என்ற ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருப்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். பங்கு மக்கள் கட்டிய கழகம் பங்குதாரரின் கழகமாயிற்று. முன்பு ஆளுக்கு ஒரு வாக்கு. பிறகு பங்குக்கு ஒரு வாக்கு. ஆதாயம் பங்குதாரருக்குப் போயிற்று. நாளடைவில் நிர்வாகம் சில குடும்பங்களின் கைக்குள் அடங்கியது.

இதை எல்லாம் லண்டனிலிருந்து கேள்விப்பட்ட சகோதரர் பகை பாராட்டவில்லை. 1911இல் வெளிநாட்டுப் பயணம் முடித்து லண்டன் வழியாகத் திரும்பிய செல்டிக் குழுவினரைப் போய்ச் சந்தித்தார். பழைய தோழர்களைக் கண்டு மகிழ்ந்தார். முதுமையில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலிருந்த தம் சபை இல்லத்துக்குத் திரும்பி, 1915 ஏப்ரல் 17இல் இறைவனடி சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய கழகம் நீண்ட காலம் வாழ்ந்தது. 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் முகமது சலீம் காலில் துணிக்கட்டு மட்டும் கட்டி, வெறுங்காலோடு செல்டிக் சார்பில் இரண்டு பந்தயங்கள் ஆடினார். 1967இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் வட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் 1994இல் கடன் கழுத்தை நெரித்து, கதவை மூடும் நிலை வந்தது. ஃபெர்கஸ் மெக்கான் என்பவர் பொறுப்பேற்றுப் புதிய பங்குகளை வெளியிட்டபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஆதரவாளர்கள் சேமிப்பை எடுத்து வந்து வாங்கினார்கள். தர்ம நிதியும் 1995இல் மீண்டும் தொடங்கியது. 2005இல் மைதான வாசலில் வால்ஃபிரிட் சிலையை ஆதரவாளர்களின் காசு கொண்டே நிறுவினார்கள். இன்றும் அது கம்பெனிதான். பெரும் முதல் போட்டவர் சொல்லே பெரிது. எனினும் பழைய கேள்வியைக் கேட்பவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் அண்மையில் இதே கதை. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகத்தின் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு எண்பது பங்கை 2020இல் ஒரு தொழில் நிறுவனம் வாங்கி, வேறொரு குழுவின் பெயரை முன்னால் ஒட்டியது. ஆதரவாளர்கள் மூன்றாண்டு விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் அந்த ஒட்டு நீங்கியது. பங்கு திரும்பவில்லை.

நம் இளைஞர் குழுவின் பொதுக்கூட்டம் ஜூபிலி நிறைவுக்கு அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் நடைபெறும். அந்தச் செல்வரும் அழைக்கப்பட்டிருக்கிறார். மரியாதையோடு அவர் சொல்வதைக் கேட்போம். சந்தா கட்டிய எவரும் வாக்களிக்கலாம், ஆளுக்கு ஒரு வாக்கு. கொழுந்தெடுக்கும் கூலியிலிருந்து மாதந்தோறும் சந்தா கொடுத்துவரும் தாய்மார்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாமல் தாங்களே வரவேண்டும். கணக்கு நோட்டு அன்று மேசையில் திறந்து வைக்கப்பட்டிருக்கும்.