பட்டினியை ஒழிக்க விதை சேர்த்தவர்

பயிர்களின் மரபணுக்களை விதைகளாகச் சேமித்து வைக்கும் களஞ்சியங்கள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன. அம்முயற்சியின் முன்னோடி, ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ்.

1887இல் மாஸ்கோவில் பிறந்த அவர், பயிர்களின் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தார். எங்கும் ஒரே ரகத்தை விதைத்தால், ஒரு நோயே விளைச்சல் முழுவதையும் அழித்துவிடக்கூடும். நோயையும் வறட்சியையும் தாங்கும் மரபணுக்கள் பழைய நாட்டு ரகங்களிலும் காட்டுப் பயிர்களிலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேடி ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ எனப் பல நாடுகளுக்குச் சென்றார். அவரும் சக ஆய்வாளர்களும் 200,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை லெனின்கிராட் ஆய்வு நிலையத்தில் சேர்த்தனர்.

மரபியலை மறுத்த லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு கிட்டியது. அவரை எதிர்த்த வாவிலோவ் 1940இல் கைதானார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. மக்களின் பசி தீர உழைத்தவர், 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து மாண்டார்.

அக்காலத்தில் லெனின்கிராட் ஜெர்மானியப் படையின் முற்றுகையில் இருந்தது. ஆய்வு நிலைய ஊழியர்கள் சிலர் உணவின்றி மடிந்தனர். ஆயினும், தாங்கள் காத்துவந்த நெல்லையும் கோதுமையையும் அவர்கள் உண்ணவில்லை.

1955இல் வாவிலோவ் மீதான தீர்ப்பு ரத்தானது. அவர் வளர்த்த ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி, அந்த விதைகளைக் காத்து வருகிறது.