கணிப்பொறிக்குச் சொல் தந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

சம்பளச் சீட்டு கைக்கு வரும் நாளில் தொகை சரிதானா என்று பார்ப்போமேயன்றி, அதனைக் கூட்டிக் கழித்த பொறிக்கு அவ்வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் யாவர் என்று நாம் வினவுவதில்லை. அவ்வினா நம்மை அமெரிக்கக் கணித ஆசிரியை ஒருவரின் வரலாற்றுக்கு இட்டுச்செல்லும்.

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், மணி அடிக்கும் விதத்தை அறிய வேண்டி, வீட்டிலிருந்த கடிகாரங்கள் ஏழனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் போட்டாராம்! 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கற்பித்து வந்தார். போர் மூண்டதும் கடற்படையில் சேர விழைந்தார். வயது மிகுதி, உடல் எடையோ குறைவு என்று தடை கூறினர். விடாது முயன்று 1943-இல் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் 51 அடி நீளமுள்ள மார்க் 1 என்னும் கணிப்பொறியின்முன் அமர்த்தப்பெற்றார்.

1949-இல் பிலடெல்பியா சென்று, யுனிவாக் என்னும் பெரும் பொறியை உருவாக்கிய குழுவில் இணைந்தார். 5,000-க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறி, 1954-இல் லூயிவில் நகரிலுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கை ஏற்றது. ஆயினும் ஒரு குறை. பொறிக்கு ஆணையிட எண்களும் குறிகளும் கற்ற சிலராலேயே இயன்றது. கிடங்கின் சரக்கிருப்பை உள்ளங்கை நெல்லிக்கனியென அறிந்த கணக்கர் அதன்முன் வாய்பேசாது நின்றார். கணக்கு ஒருவர் அறிவார், பொறி வேறொருவர் அறிவார் என்றால் தொழில் எங்ஙனம் நடக்கும்?

அம்மையார் இதனை ஒப்பவில்லை. முன்னரே எழுதிவைத்த ஆணைத் தொகுதிகளைப் பொறியே எடுத்துக் கோத்துக்கொள்ளும் முறையை 1952-இல் அமைத்தார். அடுத்து, சாதாரண ஆங்கிலச் சொற்களால் ஆணையிடலாம் என்றார், நம்பியவர் சிலரே. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட ஆணையிட்டுக் காட்டியபோது நிர்வாகிகள் மருண்டனர். அமெரிக்கப் பொறிக்குப் பிரெஞ்சு எங்ஙனம் தெரியும் என்று அவர்கள் கலங்கியதைப் பின்னாளில் அவரே நகைத்துக் கூறுவதுண்டு. பொறிக்கு எம்மொழியும் ஒன்றே. வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இது சுவையான செய்தியன்றோ!

இவ்வழியில் பிறந்ததே ஃப்ளோமேட்டிக். அதனைப் பெரிதும் தழுவி, 1959-இல் கூடிய குழு கோபால் என்னும் பொதுமொழியை வகுத்தது. (நம் வீட்டுக் கோபாலுக்கும் இதற்கும் உறவில்லை!) அம்மையார் ஒருவரே அதனைப் படைத்தார் என்பது மிகை, அவர் அக்குழுவுக்கு ஆலோசகர். எனினும் அவர் போட்ட பாதையின்றி அது தோன்றியிராது. வங்கிகள் பலவற்றின் கணக்கு இன்றும் கோபாலிலேயே ஓடுகிறது.

1966-இல் கடற்படை ஓய்வளித்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கென்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாயிற்று! சொற்பொழிவுக்குச் செல்லுமிடமெல்லாம் ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளை வழங்குவார்; நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு அது. 1986-இல் தம் 79-ஆம் வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ஆம் நாள் மறைந்த அம்மையாரை, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.